இரண்டாயிரத்து எழுநூறு கெல்வின்

திருகோணமலை மெயின் வீதியில்
நாலு கடை ஏறி இறங்கிவிட்டேன்.
"இரண்டாயிரத்து எழுநூறு கெல்வின் பல்ப் இருக்கா?"
"அது எத்தனை வோட்?" என்றார் நஸ்லிம்.
வோட் இல்லை காக்கா, நிறம்.
"வெள்ளை இருக்கு. அதைவிட வெள்ளையும் இருக்கு."

உப்புவெளி ஹோட்டலுக்கு விளக்கும் உள்ளலங்காரமும் வரைய
மிலானிலிருந்து வந்திருந்தாள் ஓர்னெல்லா.
வெளிச்சம் அளக்கும் மீற்றரை
காய்ச்சல் பார்ப்பதுபோல
சுவர் சுவராய் வைத்துப் பார்ப்பாள்.
வயரிங் கொந்திராத்து எனக்கு.
பேரின்பம் என்று நாக்குத் திரும்பாமல்
பெரி என்றாள். விட்டுவிட்டேன்.

கரண்ட் போகும்போதுதான் தன் கதை சொல்வாள்,
அதுவும் ஜெனரேற்றர் எடுக்கும் வரைக்கும்.

கட்டடக்கலை படித்தவள்,
இன்றுவரை ஒரு வீடும் கட்டவில்லை.
முதல் வேலை பெர்கமோவில்
பல் வைத்தியர் ஒருவரின் காத்திருக்கும் அறை.
பயந்த முகத்தில் நிழல் விழக்கூடாது,
அவ்வளவுதான் கேட்டாராம்.
பிறகு ஏழு வருடம் திரியெஸ்தே பக்கம்,
உல்லாசக் கப்பலின் வயிற்றுக்குள்
யன்னல் இல்லாத அறைகள்.
"அறுநூற்று நாற்பது அறைக்கு
விடியற்காலை வரைந்தேன், பெரி.
எழும்பினவர்கள் சூரியன் என்று நினைத்தார்கள்."
இருபத்தொன்பது வயதில் வரைந்த மேசை விளக்கு
இன்னும் விற்பனையாகிறது.
அடியில் கம்பனியின் பெயர்.
அப்புறம் டோஹாவில் ஒரு நகைக்கடை:
தங்கத்துக்கு ஒரு வெளிச்சம்,
போட்டுப் பார்ப்பவளின் கழுத்துக்கு வேறொரு

ஜெனரேற்றர் இரைந்தது.
கழுத்து அந்தரத்தில் நின்றது.

சிவகடாட்சம் முதலாளிக்கு விருப்பம் வேறு.
"சாப்பாட்டு ஹோல் கோணேசர் தேர் மாதிரி மினுங்க வேணும்.
காசு செலவழிச்சது தெரிய வேணாமே?"
அவள் மறுமொழி சொல்லவில்லை.
இரவு ஏழரைக்கு அவரைக் கண்ணாடிச் சுவருக்கு முன் இருத்தி
என்னை சுவிட்சடியில் நிறுத்தினாள்.
எல்லாம் எரியும்போது
கண்ணாடியில் முதலாளி இருந்தார்,
அவருடைய மோதிரம், அவருடைய பிளேன்ரீ.
ஒவ்வொன்றாய் அணைக்கச் சொன்னாள்.
ஒன்பதாவது சுவிட்சில் முதலாளி கரைந்தார்.
பத்தாவதில் கடல் வந்தது.

கணவாய்க்குப் போன வள்ளங்களின் விளக்குகளை
அவள் விரல் நீட்டி எண்ணினாள். பன்னிரண்டு.
பதினொன்றுதான் வள்ளம்.
மற்றது ஆடவில்லை, அசையவில்லை. அது நேவி.
என்னுடைய இருபது வயதில் இந்தக் கரையில் வெளிச்சம் என்றால்
யாரோ யாரையோ தேடுகிறார்கள் என்று அர்த்தம்.
அதற்கு எத்தனை கெல்வின் என்று
அவளிடம் கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை. பத்தாவது சுவிட்சில் விரலை வைத்தபடி நின்றேன்.

"சரி, வடிவுதான்," என்றார் முதலாளி.

அவள் விமானம் ஏறி மூன்றாம் கிழமை
கொழும்பிலிருந்து தொங்குவிளக்கு வந்தது,
மூன்று பெட்டியில், வைக்கோல் பொதிந்து.
ஏணி பிடித்தவன் ரிஸ்கான். ஏறிப் பூட்டியவன் நான்.
கூலி முழுதாய் வாங்கினேன்.
கழற்றிய பல்ப் நாற்பத்தெட்டு. கொண்டுபோ என்றார்கள்.
ஒன்றை வீட்டுக் குசினியில் போட்டேன்.
"சோறெல்லாம் மஞ்சக்காமாலை பிடிச்ச மாதிரி இருக்கு,
கழட்டுங்கோ," என்கிறாள் செல்வரஞ்சி.
இன்னும் கழற்றவில்லை.

நேற்று ஜெனோவாவிலிருந்து செய்தி.
இப்போது ஆஸ்பத்திரி நடைபாதை ஒன்று வரைகிறாளாம்,
தள்ளுவண்டியில் மல்லாந்து போகிறவருக்கு
கூரை எப்படித் தெரியும் என்று பார்க்க
தானே படுத்து, தள்ளச் சொல்லிப் பார்த்தாளாம்.
கடைசியில் ஒரு வரி:
பெரி, அந்தக் கண்ணாடியில் இப்போது என்ன தெரிகிறது?

நண்டு உடைக்கிறவர்கள் தெரிகிறார்கள்.
தங்களையே படம் எடுக்கிறவர்கள் தெரிகிறார்கள்.
தலைக்கு மேலே தேர்.

எழுதினேன், அழித்தேன்.
நீலக் குறி விழுந்துவிட்டது.
இனிப் பார்க்கவில்லை என்று சொல்லவும் ஏலாது.